ஒன்பது புள்ளிகள்

கறுப்புத்திரைக்காரர் என்று சொன்னால்தான் மருந்துக் கடைகளில் அவரைத் தெரியும். இருபத்தாறு வருஷமாகக் கடைகளுக்கு பில் போடவும் சரக்குப் பார்க்கவும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி விற்கிறார். திரை கறுப்பு, எழுத்து பச்சை, அவ்வளவுதான். படம் கிடையாது, மவுஸைத் தொடவே வேண்டாம். மருந்தின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் பெயர் வந்து நிற்கும். எண்ணிக்கையைத் தட்டினால் பில் கையில் இருக்கும். பழகிவிட்டால் கவுன்டரில் நிற்பவர்கள் திரையைப் பார்க்காமலே தட்டுவார்கள். "என் புரோகிராமால ஒரு நோயாளி ஒரு நொடி நின்னதில்ல" என்பார். மனுஷனுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

கர்வத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கலர் கலராகப் படம் காட்டும் புரோகிராம்கள் வந்தன, கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கடை, மூன்று கவுன்டர் போட்ட பெரிய கடை. அதுவும் போனால் மனைவியின் தம்பி நடத்தும் சீட் கவர் கம்பெனியில் போய் உட்கார வேண்டியதுதான். அவன் ஏற்கெனவே ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். "எப்ப வர்றீங்க மாமா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். நல்ல பையன்தான், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெரிய கடையின் முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு மகளை உட்கார வைத்தார். மகள் வந்த மாதமே பழையதையெல்லாம் மாற்ற ஆரம்பித்தாள். கலர் புரோகிராம் விற்கும் டை கட்டிய ஒருவரை வரவழைத்து, இவரையும் கூப்பிட்டாள். கடையின் சரக்கு விவரம் இரண்டு பேருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்றப்பட்டிருந்தது.

"அடுத்த மூணு மாசத்துல காலாவதியாகப் போற மருந்தெல்லாம் லிஸ்டா வேணும் அங்கிள். ரெண்டு பேரும் செஞ்சு காட்டுங்க."

இவர் ஒரு பட்டனைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு மருந்தும் வரிசையாக நின்றன.

டைக்காரருடைய திரையில் ஒரு நீல வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, முக்கால் நிமிஷம் சுற்றியது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். வட்டம் நின்றது, லிஸ்ட் வந்தது. அதே முந்நூற்றுப் பன்னிரண்டு.

"பாருங்க, எவ்ளோ தேடி எடுத்துக் குடுக்குது" என்றாள். அப்புறம் இவர் பக்கம் திரும்பி, "உங்களோடது முன்னாடியே எழுதி வச்சதுதானே அங்கிள்?" என்று கேட்டாள்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டு ஒரு வாரம் அவகாசம் கேட்டார். வீட்டுக்கு வந்து செருப்பை ஒரு மூலைக்கு உதறிவிட்டு மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "வேகமா செஞ்சா நம்ப மாட்டேங்குறாங்கடி. என்ன உலகம் இது?"

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து சாப்பாட்டை எடுத்துத் தயாரா மூடி வச்சேன். பழசான்னு கேட்டீங்க. உள்ள போய் நாலு பாத்திரத்தை உருட்டிட்டு அதையே கொண்டுவந்து வச்சேன். சூடா இருக்குன்னு சாப்பிட்டீங்க. நீங்களும் கொஞ்சம் உருட்டுங்களேன்."

எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் எழுதியதிலேயே சுலபமான நாலு வரி அதுதான். 'சரிபார்க்கப்படுகிறது' என்று ஒரு சொல் வரும், அதன் பின்னால் நொடிக்கு ஒன்றாக ஒன்பது புள்ளி வரும், அப்புறம் லிஸ்ட் வரும். லிஸ்ட் என்னவோ முதல் நொடியிலேயே தயார். எழுதி முடித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் ஒன்பது புள்ளியையும் எண்ணாத குறையாகப் பார்த்தாள். "இப்பதான் அங்கிள் ஆழமா வேலை செய்யுது. இதையே வச்சுக்கலாம்." இவருக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் விடவில்லை. "பில்லுக்கும் இந்தப் புள்ளியை வச்சுடுங்க. திரையை கஸ்டமர் பக்கம் திருப்பப் போறேன். நாம சரிபார்த்துக் குடுக்குறோம்னு அவங்களுக்கும் தெரியணும்ல?"

"பில்லுக்கு வேணாம்மா. வர்றவங்க நோயோட வர்றாங்க."

"ஒன்பது நொடிதானே அங்கிள்? முடியாதுன்னா சொல்லுங்க, டைக்காரரைக் கேட்டுக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவர் கண்ணுக்குள் அந்தத் துடைத்து வைத்த நாற்காலி வந்து நின்றது. சரிம்மா என்றார். அன்றைக்கே மூன்று கவுன்டரிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து மனைவிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்துபோனது. வாங்கப் போனார். அந்தக் கடையில் அவர் வரிசையையே பார்த்ததில்லை. இப்போது வாசற்படி வரைக்கும் ஆள் நின்றது. இவரும் போய்க் கடைசியில் நின்றார். ஒவ்வொருவருக்கும் ஒன்பது புள்ளி. ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு அம்மா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். இவருக்குப் பின்னால் காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் வந்து சேர்ந்தான். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மடையன் எழுதினானோ?" என்றான்.

இவர் திரும்பவில்லை. திட்டுவதற்கு அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

கவுன்டரில் நின்றவள் பன்னிரண்டு வருஷமாக அவருடைய புரோகிராமில் வேலை பார்ப்பவள். முன்பெல்லாம் கதை பேசிக்கொண்டே தட்டுவாள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நல்ல வேளை வந்தீங்கண்ணா. உங்க புரோகிராம்ல யாரோ கைவச்சுக் கெடுத்துட்டாங்க. எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. இதை எழுதினவர் இப்படி எழுதுற ஆளே இல்லைன்னு நானும் நாள் பூரா சொல்லிட்டிருக்கேன். யாருன்னு கண்டுபிடிங்கண்ணா."

அவர் மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டினார். "பார்க்குறேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் மூன்று எழுத்தைத் தட்டினாள், எண்ணிக்கையைத் தட்டினாள், கையைக் கட்டிக்கொண்டாள். சரிபார்க்கப்படுகிறது என்று வந்தது. ஒரு புள்ளி வந்தது, இரண்டாவது வந்தது. பின்னால் அந்தக் குழந்தை அழ ஆரம்பித்தது. இன்னும் ஏழு இருந்தன.