கொல்லிமலைக்குப் பன்னிரண்டு வாரம்

சமையல் புத்தகம் வாங்குகிறவர் அதை வீட்டில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார். மலையேற்றப் புத்தகம் வாங்குகிறவரோ மலைக்குப் போகாமல் திரும்பத் திரும்ப நம் கடைக்கே வருவார். அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையைப் பார்த்தபடி புத்தகக் கடை நடத்தும் எனக்கு அப்படி வாய்த்தவர் நாமக்கல் பழனிச்சாமி. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். கடை நடத்தும் நண்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார். மனதைத் தேற்றிக்கொண்டு படியுங்கள்.

பனி வேண்டாம்

முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறதாம். மனைவி சரோஜாவைக் கொல்லிமலைக்கு நடந்தே கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டியவர், பையில் தேவையில்லாத எடை துளியும் இருக்கக் கூடாது என்ற வரியைக் கண்டதும் முகம் மாறி, புத்தகத்தையே கையில் தூக்கி எடை பார்த்தார். பனிச்சரிவு, பனிப்பாறை என்று நூறு பக்கம் இருந்தது. அதையெல்லாம் பிரித்தெடுத்துவிட்டு மீதியைக் கட்டித் தரச் சொன்னார். அப்படி விற்க முடியாது என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை.

"லாரியே நாங்க சேசிஸ், அடிச்சட்டம் மட்டுந்தானுங்க வாங்கறது. நீங்களும் சேசிஸைக் குடுங்க, பாடி நான் கட்டிக்கறனுங்க."

கரடி வேலை

பத்து நாள் கழித்துக் கடைக்கு ஒரு போன். பேசியது சரோஜா அம்மாள். கணவர் முழுசாகவே வாங்கிப் போன புத்தகத்தில் எட்டாவது அதிகாரம் கரடியைப் பற்றியதாம். கரடி எதிரே வந்தால் ஓடக் கூடாது. கையை உயர்த்தி, நிதானமாகப் பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும். பழனிச்சாமி இதைத் தினமும் காலையில் வாசலில் பழகுகிறார். பழகுவதற்குக் கரடி வேண்டுமே, அந்த வேலை அந்த அம்மாளுக்கு. பேசிக்கொண்டே பின்வாங்கியதில் மனிதர் இரண்டு முறை பைக்கின் மேல் விழுந்திருக்கிறார். கரடி சிரித்ததால்தான் விழுந்தேன் என்று திட்டு வேறு. நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, இந்தக் கரடி வேலை எத்தனை நாளைக்குங்க? அடுப்புல சோறு பொங்குதுங்க."

மறுபடி முதல் வாரம்

அடுத்துப் பழனிச்சாமி வாங்கியது பயிற்சிப் புத்தகம். முதுகில் சுமையோடு பன்னிரண்டு வாரம் தினமும் நடக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். பையில் நட்டு, போல்ட்டுகளை நிரப்பிக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஐந்தாவது வாரத்தில் சொந்தத்தில் ஒரு சாவு. மறுபடி தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் காதுகுத்து. மறுபடி தொடங்கி, பதினோராவது வாரத்தில் காய்ச்சல். ஒரே ஒரு நாளில் என்ன குறைந்துவிடப் போகிறது என்றேன். பட்டறைக்காரரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஒரு போல்ட்டு விட்டாலும் பாடி ஆடுமுங்க. மொதல்ல இருந்தே வாரனுங்க."

நேருக்கு நேர்

ஒரு வெள்ளிக்கிழமை சரோஜா அம்மாளே கடைக்கு வந்தார். உட்கார்ந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டார். முட்டி தேய்ந்துகொண்டு வருகிறதாம். மலையேறுவதென்றால் இந்த வருடத்தோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். முப்பது வருடமாகச் சமையலறை ஜன்னலில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே குழம்பு தாளித்தவர். நீங்கள் எந்த மலை ஏறியிருக்கிறீர்கள் என்று என்னை நேராகவே கேட்டார். ஏற்காட்டுக்கே பஸ்ஸில்தான் போவேன், அதிலும் நாலாவது வளைவில் வாந்தி எடுப்பேன் என்று ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அவர் கணவர் தலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தகத்தைக் கட்டியவன் நான்தானே. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நடந்து போகிறார்களாம், தானும் கிளம்பப் போவதாகச் சொன்னார். கணவரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன்.

"அவரு வாரத்தை எண்ணட்டுமுங்க. எம் முட்டி அதுவரைக்கும் காத்திருக்காதுங்ணா."

செல்லுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழனிச்சாமி எழுந்து பார்த்தால் மனைவி இல்லை. பக்கத்து வீட்டில் விஷயம் தெரிந்ததும் கட்டிய வேட்டியும் ரப்பர் செருப்புமாக பைக்கில் அடிவாரத்துக்குப் பறந்திருக்கிறார். பையும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாதி மலையில் பிடித்துவிட்டார். மீதி மலையும் தான்தான் கைபிடித்து ஏற்றியதாக அவர் சொன்னார். யார் யாரை இழுத்துப் போனார்கள் என்பதில் அந்த அம்மாளுக்கு வேறு கருத்து இருந்தது.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். சரோஜா அம்மாளின் முட்டியில் கட்டு. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழனிச்சாமி மட்டும் குற்றம் செய்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அப்போது இரண்டாவது வாரம்தான் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"பயிற்சி முடிக்காமயே ஏறிப்புட்டனுங்க. புத்தகப்படி இது செல்லுமுங்களா?"

செல்லும் என்று அடித்துச் சொன்னேன். நல்ல வாடிக்கையாளரை இழப்பதற்கு இதைவிட நல்ல வழி எந்தக் கடைக்காரனுக்கும் வாய்க்காது.