இரண்டு மணிக் காற்று

முதல் இழுப்பு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. உருத்திரபுரத்தில், வீட்டு விறாந்தையில் பள்ளிச் சட்டையொன்று தைத்துக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு மாசு இல்லை. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வர மறுத்தது. மெஷினைப் பிடித்தபடி குனிந்து நின்றேன்.

பக்கத்து வளவு வரதனுடையது. பழைய இரும்பு வாங்குபவர். வயருக்குள் இருக்கும் செம்பை எடுப்பதற்காகத் தினமும் காலையில் வயர்க் குவியலைப் பழைய வாகன ரயரோடு சேர்த்துக் கொளுத்துவார். பத்து மணிக்குள் அணைந்துவிடும்.

மூன்றாம் தடவை ஆசுப்பத்திரியில் இருந்து வந்த பிறகு, எரிப்பதை நிறுத்தச் சொல்லி அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"நான் காலமை எரிக்கிறன். உங்களுக்கு இழுக்கிறது மத்தியானம். புகையே இல்லாத நேரம் வாற வருத்தத்துக்கு என்னை ஏன் பிடிக்கிறியள்?"

அடுத்த நாள் பெரிய ஆசுப்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

கிளிநொச்சியில் ஸ்பைரோமெற்றி (ஊதும் மூச்சை அளக்கும் சோதனை) செய்தார்கள். ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும் நோய்) என்றார்கள். குழாய்களில் தழும்பும் விழுந்திருந்தது. இழுப்பு வரும் நேரத்தை இளம் பெண் டொக்டர் இரண்டு தரம் கேட்டார். வரதன் காலையில் எரிப்பதையும் சொன்னேன்.

"புகை கலைஞ்சாலும் அதிலயிருந்த வாயு போகாது அம்மா. வாகனப் புகையோட சேர்ந்து, வெயில் பட ஓசோனா மாறும். மேல வானத்தில இருந்தா எங்களைக் காக்கும். மூச்சு விடுற உயரத்தில இருந்தா நுரையீரலைத் தின்னும். கண்ணுக்குத் தெரியாது."

"அதை எழுதித் தருவீங்களோ?"

என் முகத்தைப் பார்த்தார். "முழுப் பழியையும் அவரில போட ஏலாது. ரோட்டில போற பஸ்ஸும் சேர்த்திதான்."

"பஸ்ஸை எனக்குத் தெரியாது டொக்டர். அவரைத் தெரியும்."

எழுதித் தந்தார்.

நான்கு மாதம், அவர் கொளுத்திய நேரத்தையும் எனக்கு இழுத்த நேரத்தையும் கொப்பியில் குறித்தேன். இதே நோயோடு வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: குறித்து வையுங்கள். பிறகு பிரதேச சபையில் முறைப்பாடு கொடுத்தேன். விசாரணையில் அதிகாரி கடிதத்தையும் கொப்பியையும் வாசித்தபோது நான் வரதனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய சிரிப்பு அதில் இல்லை. வளவைப் பூட்டச் சொன்னார்கள்.

அந்தக் கிழமையே அவர் மனைவி கலா படலைக்கு வந்தார்.

"அக்கா, அவர் தொழிலில்லாமல் இருக்கிறார். முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன் எண்டு நீங்கள் ஒரு கடிதம் குடுத்தா வளவைத் திரும்பத் திறக்க விடுவினம்."

"என்ர மூச்சைத் திருப்பித் தருவாரோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ."

படலையைச் சாத்தினேன். அன்று நன்றாக நித்திரை வந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

இழுப்பு இப்போது குறைவு. ஆனால் தழும்பு ஆறாது என்றார் டொக்டர். பஸ்கள் ஓடுகின்றன, வெயில் எரிக்கிறது, தெளிந்த வானத்தை நான் நம்புவதில்லை. தண்ணீர் வாளியோடு கிணற்றடியில் இருந்து குசினி வரை முன்பு ஒரே நடை. இப்போது மூன்று இடத்தில் நிற்கிறேன். மன்னித்தால் நெஞ்சு இலேசாகும் என்கிறார்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் வாளியைக் கீழே வைத்து, மூச்சு வரும்வரை வரதனின் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். பிறகு நடக்கிறேன்.