மெத்தைன்னு நெனச்ச ரஜாய்

எங்க வீட்டை நான் ஒத்தை ஆளா ஒழிச்சு, வேண்டாததையெல்லாம் தருமத்துக்குத் தூக்கிக் கொடுத்தேன். கர்ணன் பரம்பரை நாங்க. அத்தனையும் பொய்யி. ஒழிச்சது என் சம்சாரம் செல்லம்மாவும் பொண்ணு வசந்தியும். நான் வாசல்ல கயித்துக் கட்டில்ல வெயில் காஞ்சுக்கிட்டு, "அது இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்"னு கத்திக்கிட்டிருந்தேன். அதுவும் ஒரு வேலைதானே.

வெயில் காயறதுன்னதும் ஊர்ல இருக்கிறவங்க சிரிப்பீங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம் வெயிலைக் கண்டா மரத்தடிக்கு ஓடுவோம். இங்க டில்லியில மார்கழி வந்தா சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் மொத்தமும் கட்டிலைத் தூக்கிக்கிட்டு வெயிலுக்குப் பின்னாடியே நகரும். காலையில எங்க வாசல், மத்தியானம் எதிர்வீட்டு சர்தார்ஜி வாசல். எனக்கே இப்பல்லாம் நிழலைக் கண்டா பயமா இருக்கு.

நான் சர்க்கார் ஆபீஸ்ல பியூன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவன். இந்த எழுத்தே கல்யாணத்துக்கு அப்புறம் செல்லம்மாகிட்ட கத்துக்கிட்டது. தப்பிருந்தா அவளைத் திட்டுங்க.

ஆனா ஒண்ணு. எங்க பக்கத்துலருந்து வேலை தேடி டில்லி வர்றவன் எவனா இருந்தாலும், ஸ்டேஷன்ல இறங்குனதும் நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவான். வேலை கிடைக்கிற வரைக்கும் எங்க சோறு. கிடைச்சதும் மோதி பாக்லயோ கிட்வாய் நகர்லயோ ரூம் பார்த்துக்கிட்டுப் போவான். போறப்ப ரஜாயை விட்டுட்டுப் போவான். "அடுத்து வர்றவனுக்கு ஆகும்ணே" அப்படிம்பான். ரஜாயோட ட்ரங்குப் பெட்டி, ஓட்டை ஸ்டவ்வு, படுக்கை சுருட்டுற ஹோல்டாலுன்னு எல்லாம் தங்கிடும். அப்படித் தங்கிட்டுப் போனதுல ஒருத்தன் இன்னிக்கு ஆபீசரு. கார்ல போறப்ப என்னைப் பார்த்தா இறங்கி, "அண்ணே"ம்பான். நான் நாலு பேரு பார்க்கிற வரைக்கும் கையை விடமாட்டேன்.

ரஜாய்னா பஞ்சு அடைச்சுத் தைச்ச போர்வை. பார்க்க அசல் மெத்தைதான். நான் வந்த முதல் குளிர்ல அதைக் கீழ விரிச்சு, மேல வேட்டியைப் போத்திக்கிட்டு, பல்லு தந்தியடிக்கப் படுத்திருந்தேன். இவ்வளவு கனத்தை மேல போட்டா மூச்சு நின்னுடாதா? பக்கத்து ரூம் பஞ்சாபிக்காரர் பார்த்துட்டு, "அரே மதராசி!"ன்னு என்னை உருட்டித் தள்ளிட்டு ரஜாயை உருவுனார். திருட வந்துட்டான்னு நெனச்சு நான் அவரு கழுத்தைப் புடிச்சேன். அவரு அசராம அதை என் மேல போட்டு அமுக்குனார். அப்பதான் உசுரு வந்துச்சு. எனக்கப்புறம் வந்தவன் அத்தனை பேரும் இதையேதான் செஞ்சான், காலேஜ் படிச்சவன்கூட. எல்லாரையும் உருட்டித் தள்ளுனது நான்தான்.

இதெல்லாம் பெருமையா இருந்துச்சு, வசந்தி வாயைத் திறக்கிற வரைக்கும். பதினொண்ணாவது படிக்கிறா. கணக்குல அவதான் கிளாஸ்ல முதல். எவனோ விட்டுட்டுப் போன பெட்டி மேல நோட்டை வெச்சு, குனிஞ்சு குனிஞ்சு எழுதிக் கழுத்து புடிச்சுக்கிச்சு.

"அப்பா, இந்த வீட்டுல பெட்டிக்கு ஜகா இருக்கு, ரஜாய்க்கு ஜகா இருக்கு. எனக்கு ஒரு மேஜை போட எங்க இடம் இருக்கு?"

"உங்கப்பாகிட்ட கேக்காதடி, கட்டில்லருந்து எந்திரிக்க மாட்டாரு"ன்னு செல்லம்மா சேலையை இழுத்துச் சொருகுனா.

ஆபீஸ்ல நான் துடைக்காத மேஜை இல்ல. ஒண்ணு முன்னாடியும் உக்காந்ததில்ல.

பெட்டியை விட்டுட்டுப் போனவங்களுக்குச் சொல்லியனுப்புனோம். வந்து தூக்கிட்டுப் போனாங்க. ரஜாய் மட்டும் மலையாக் கிடந்துச்சு. நடைபாதையில படுக்கிறவங்களுக்காக வீடு வீடா ரஜாய் சேர்க்கிற ஒரு பஞ்சாபி அம்மா உண்டு, பீஜின்னு கூப்பிடுவோம். தள்ளுவண்டியோட வந்தவங்க மலையைப் பார்த்து மலைச்சுட்டாங்க.

"ரஜாய் வியாபாரமா பையா?"

"இல்ல பீஜி. எல்லாம் மெஹ்மான்."

"இத்தனை விருந்தாளியா? இந்த ஒண்ணரை ரூம்லயா?"

எங்க ஊரே என்கூடப் படுத்திருந்துச்சுன்னு எந்த இந்தியில சொல்றது? "ஹமாரா காவ்ன்", எங்க ஊருன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அந்த அம்மா முகம் வாடிப்போச்சு. ஊரே பஞ்சம் பொழைக்க வந்து இங்க அடைஞ்சு கிடந்துச்சுன்னு நெனச்சுட்டாங்க போல. வண்டியில ஏத்துனதுலருந்து ஒரு ரஜாயை எடுத்து, "இதை நீயே வெச்சுக்கோ பேட்டா, குளிர் காலம்"னு என் கையில திணிச்சுட்டாங்க. தானம் கொடுத்தவனுக்கே தானம்! செல்லம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டா. நான் மானஸ்தன், வேணாம்னு சொல்லியிருக்கணும். வாங்கிக்கிட்டேன்.

மேஜை வந்துச்சு. வசந்தி உக்காந்தா. எங்க வம்சத்துல மேஜை முன்னாடி உக்காந்த முதல் ஆளு. நான் பின்னாடி கையைக் கட்டி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். "அப்பா, பியூன் மாதிரி நிக்காதீங்க"ன்னா. அந்த வேலை மட்டும்தானே எனக்கு ஒழுங்கா வரும்!

இன்னிக்குக் காலையில மெட்ராஸ் வண்டியில எங்க பெரியப்பா வீட்டுச் சம்பந்தி மகன் வேலு தகரப் பெட்டியோட வந்து நிக்கிறான். செல்லம்மா என்னைப் பார்த்தா. நான் வசந்தியைப் பார்த்தேன். அவ காலை மடக்கிக்கிட்டு, "மேஜைக்குக் கீழ படுங்க மாமா, என் கால் படாது"ன்னா. மேஜைக்கு மேல டில்லி, கீழ கள்ளக்குறிச்சி. பீஜி கொடுத்த ரஜாயை எடுத்துக் கொடுத்தேன். ரயில் அலுப்பு, பட்டப்பகல்ல சாஞ்சுட்டான். நானும் இங்க வாசல் வெயில்ல உக்காந்து இதை எழுதிக்கிட்டிருக்கேன். இனிமே எங்க வீட்டுக்கு வர்றவங்களுக்கு முதல்ல என்ன சொல்லிக் கொடுக்கணும்னா...

"அண்ணே! அண்ணே! மெத்தை ஜோரா இருக்குண்ணே. குளிருதான் தாங்கல. மேல போத்திக்க ஒரு வேட்டி இருக்குமா?"

வர்றேன்டா. அதுக்குள்ள நீ உருண்டு கீழ இறங்கு!