மணியம்மாளின் சுடாத கால்

“கண்ணு நல்லாத்தான்டி இருக்கு! காலுதான் எங்க போவுதுன்னு எங்கிட்ட சொல்றதில்ல. உன் கத்திரிக்காய மிதிக்கப் போறேன்னு அதுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?”

சந்தை நடுவில் நின்று மணியம்மாள் இப்படிக் கத்தியதும், கூடை கவிழ்ந்த சரோஜாவுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகிதம். சண்டை மட்டும் நிற்கவில்லை.

மலை சுற்றும் பாதையில் உள்ள அடி அண்ணாமலை கிராமத்தில் மணியம்மாளின் நடை தெரியாதவர் இல்லை. பாதம் தானாக மேலே எழும்பாது, தொங்கும். விரல் தரையில் தட்டி விழாமல் இருக்க, முட்டியை உயரத் தூக்கித் தூக்கி வைப்பாள், சேற்று வயலில் கொக்கு நடப்பதுபோல. உள்ளங்கால் அரிவாளாக வளைந்திருக்கும். அவள் அப்பனுக்கும் இதே கால், அண்ணன் சகாதேவனுக்கும் இதே கால். யாராவது விசாரித்தால், “எங்கப்பன் சொத்துல நெலம் அண்ணனுக்குப் போச்சி. காலை மட்டும் ஓரவஞ்சன இல்லாம ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாரு” என்பாள்.

செருப்புப் போட்டால் எங்கே கழன்றது என்று தெரியாது. ஒற்றைச் செருப்போடு வீடு வந்து, இன்னொன்றைத் தேடி வந்த வழியே போவாள். கடைசியில் செருப்பையே விட்டுவிட்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷச் சித்திரைப் பௌர்ணமி. வெயில் ஏறிவிட்டது. மலை சுற்ற வந்தவர்கள் சூடு தாங்காமல் நிழலுக்கு நிழல் குதித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். மணியம்மாள் மட்டும் நடு ரோட்டில், காய்ந்த ஜல்லிமேல், நிதானமாக முட்டியைத் தூக்கி வைத்துப் போனாள். பட்டணத்திலிருந்து வந்த நீலாம்பாள் என்ற அம்மாள் வாயைப் பிளந்தாள்.

“தாயே, உங்களுக்குச் சுடலையா?”

“சுட்டா சொல்ல மாட்டேனா?”

அவ்வளவுதான். நீலாம்பாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

அடுத்த பௌர்ணமிக்கு அவளோடு நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஒரு கூட்டமே வந்தது. கொக்கு நடை என்று சிரித்த ஊரில், அது சாமி நடை ஆகிவிட்டது. மணியம்மாள் மறுத்தாளா? மறுக்கவில்லை. காலைச் செங்கல்லால் தேய்த்து, மஞ்சள் பூசி, யாரும் கேட்காமலே பாதத்தை முன்னால் நீட்டப் பழகினாள். “நாப்பது வருசமா இந்தக் காலு எனக்கு ஒரு காசுக்கு ஒதவல. இப்பதான் சம்பாரிக்குது” என்று சரோஜாவிடம் பெருமை வேறு.

“சாமின்னா சாமியாட்டம் இரு. சாமி எங்கயாவது வாசப்படி தடுக்கி விழுமா?” என்றாள் சரோஜா.

ஆடிப் பௌர்ணமியில் நீலாம்பாள் குனிந்து பாதத்தைத் தொட்டாள். தொட்டவள் அலறினாள். குதிகாலில் மாட்டு லாடத்து ஆணி ஒன்று கொண்டைவரை ஏறியிருந்தது. சுற்றிலும் புண், சீழ்.

“ஆணி ஏறியும் வலிக்கலையாம்!” கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மணியம்மாள் காலைத் திருப்பிப் பார்த்தாள். அந்த ஆணி எப்போது ஏறியது? நேற்றா, போன வாரமா? அவளுக்கே தெரியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த சரோஜா, “அருளுமில்ல ஒண்ணுமில்ல. எழுந்து வாடி ஆஸ்பத்திரிக்கு!” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் குண்டூசியால் குத்திக் குத்திப் பார்த்தார்.

“பெருவியாதிங்களா?” மணியம்மாளின் குரல் எழும்பவில்லை.

“குஷ்டம் இல்லம்மா. உங்க அப்பா, அண்ணன் காலும் இப்படித்தான்னு சொன்னீங்களே? பரம்பரையா வர்ற நரம்புக் கோளாறு. தீராது, ஆனா சமாளிக்கலாம். கணுக்கால் வரைக்கும் மூடின பூட்ஸ் தைச்சுப் போடுங்க, பாதம் தொங்காது. தினம் கண்ணாடி வச்சு உள்ளங்காலப் பாருங்க. இனிமே வெறுங்கால்ல நடந்தீங்கன்னா, அடுத்த புண்ணுக்குக் காலையே எடுக்கணும்.”

“மலை சுத்தறப்ப மட்டும் கழட்டிக்கட்டுங்களா? ஜனங்க நம்பிக்கிட்டு இருக்காங்க.”

“மலை எங்கயும் போகாது. கால் போயிடும்.”

முகம் பார்க்கிற கண்ணாடியை அன்று முதல் மணியம்மாள் காலுக்குக் கொடுத்துவிட்டாள். “மூஞ்சியப் பாத்து இன்னா ஆவப்போவுது, அது நல்லாவா இருக்கு?”

புண் ஆறியதும் தேரடித் தெரு ஆதிமூலம் அளவெடுத்து, கறுப்புத் தோலில் கயிறு கட்டுகிற பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து அவள் புருஷன் சின்னசாமி, “போலீசுல எப்படி சேந்த?” என்றான்.

“மொதல்ல உன்னத்தான் புடிச்சி உள்ள போடப் போறேன்.”

ஐப்பசிப் பௌர்ணமிக்கு, பாவாடை மாதிரி சேலையை இழுத்துவிட்டு பூட்ஸை மறைத்துக்கொண்டு மலை சுற்றக் கிளம்பினாள். பழக்கத்தில் முட்டியைத் தூக்கியதும் பூட்ஸ் வெளியே வந்து மானம் போய்விட்டது. கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருத்தர்கூடக் காலில் விழவில்லை. ஒரு நிமிஷம் குனிந்து, கழற்றிவிடலாமா என்று பூட்ஸ் கயிற்று முடிச்சில் கையை வைத்தாள். பிறகு விடு என்று நிமிர்ந்தாள்.

நீலாம்பாள் மட்டும் கிட்டே வந்தாள். “என்ன தாயே இது, அருள் போயிடுச்சா?”

“இருந்தாத்தானம்மா போறதுக்கு? எனக்கு அங்க உணர்ச்சியே கிடையாது. மரக்கட்டைய விழுந்து கும்பிட்டீங்க. நானும் அத நீட்டிக்கிட்டு நின்னேன். கொஞ்ச நாள் வுட்டிருந்தா வெட்டி அடுப்புலயே வச்சிருப்பாங்க.”

நீலாம்பாள் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். வெறுங்காலில் நடந்து அவள் காலிலும் கொப்புளம். பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றவள், மெதுவாகக் கேட்டாள், “இது என்ன விலை?”

“ஜோடி பதினாலு ரூபா. கயிறு தனியா மூணணா.”