தகட்டின் மேல் பூசிய சிவப்பு

எங்கள் வட்டாரத்தில் பண்ணை ஏலம் என்றால் வெல்டா கிரைடர் வராமல் இருக்க மாட்டாள். கையில் டார்ச், முழங்காலில் ரப்பர் பட்டை. பின்னால் நடந்தபடி ஓட்டும் பழைய தோட்ட டிராக்டர், இரண்டு சக்கரமும் ஓர் இன்ஜினும் நீண்ட கைப்பிடிகளுமாக எந்த மூலையில் நின்றாலும், அதன் அடியில் தலையை விட்டுவிடுவாள். எழுந்து வரும்போது நல்ல வார்த்தையோடு வந்ததில்லை.

"இன்ஜின் ஒண்ணுலேருந்து, சக்கரம் இன்னொண்ணுலேருந்து. இது டிராக்டர் இல்ல, சர்ச் விருந்து. ஆளுக்கு ஒண்ணு கொண்டுவந்து வச்சிருக்கானுங்க."

அதோடு அந்த வண்டியின் விலை படுத்துவிடும். விற்பவர்கள் அவளைச் சபித்தார்கள். வாங்குபவர்கள் அவள் பின்னாலேயே திரிந்தார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், உருளைக்கிழங்கு மசியல் மேல் நூடுல்ஸ் ஊற்றிய தட்டோடு அவள் உட்காரும் மேசையில் இரு தரப்பிலும் யாரும் உட்காருவதில்லை.

அவள் இதையெல்லாம் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. ட்வைட் ஃபான்ஸ்லர் என்ற ஒரு மனிதனை வெறுத்துக் கற்றுக்கொண்டாள்.

அவள் கணவன் ஆரின் கல்யாணத்துக்கு முன்பே ட்வைட்டிடம் டன்மோர் கம்பெனியின் தோட்ட டிராக்டர் ஒன்று வாங்கியிருந்தான். ட்வைட்டிடம் அப்போது இரண்டு இருந்தன. ஒன்றை விற்றான், மற்றதை வைத்துக்கொண்டான். வெகுகாலம் கழித்து ஆரின் தன் வண்டியைத் துடைத்து, இண்டியானாவின் ஆகஸ்ட் வெயிலில் எங்கள் பழைய டிராக்டர் சங்கத்தின் கண்காட்சிக்கு ஓட்டிப்போனான். நடுவராக நின்றது ட்வைட். குனிந்து, வண்டியின் நம்பர் பொறித்த தகட்டைப் பார்த்தான். கியர்பெட்டியைத் தடவினான். சிரித்துவிட்டான்.

"தகட்டு நம்பர் ஏ எழுத்துல ஆரம்பிக்குது. அது ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தினது. கியர்பெட்டி மொழுமொழுன்னு இருக்கு, இது பிந்தினது. விலை ஏத்தணும்னு எங்கேயோ தகட்ட உருவிட்டு வந்து அடிச்சிருக்கான்யா!"

"நீதானடா எனக்கு வித்தே!" என்றான் ஆரின்.

"நான் வித்தப்போ சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் உன் கொட்டகையில நீ என்ன பண்ணினியோ, யாரு கண்டா?"

கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து ஆரினுக்குப் பெயரே 'தகடு' என்றாகிவிட்டது. சர்ச்சில் ஆண்களுக்கான காலை உணவின்போதுகூட, "ஏய் தகடு, அந்த சிரப்ப இப்படித் தள்ளு" என்பார்கள். ஆரின் தள்ளிவிடுவான். அவன் திருப்பிக் கத்தியிருந்தால் வெல்டாவுக்கு இவ்வளவு கசந்திருக்காதோ என்னவோ. அவன் செத்த அன்று, பிணம் வைத்திருந்த கூடத்திலேயே ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "தகடு நல்ல மனுஷன்தான்" என்றான். வெல்டா காதில் அது விழுந்தது.

அதன் பிறகுதான் ஏலங்களுக்குப் போகத் தொடங்கினாள். எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இன்ஜின் பேச்சை எடுக்கவே கூடாது. அது வண்டிக்கு வண்டி மாறிக்கொண்டே இருக்கும். பெயின்ட் பொய் சொல்லும். கியர்பெட்டியைத்தான் யாரும் மாற்றுவதில்லை, அவ்வளவு வேலை. யுத்தத்துக்கு முந்தைய டன்மோரில் பெட்டியின் வயிற்றில் மேடான வரிகள் இருக்கும். அவை அரிது, விலையும் பல மடங்கு.

ஆரினின் வண்டியில் அந்த வரிகள் இல்லை. ட்வைட் சொன்னது சரிதான். அதை ஏற்றுக்கொள்வதற்குள் வெல்டாவுக்கு ஒரு குளிர்காலம் முழுதும் போய்விட்டது. அப்படியானால் தகடு எப்படி வந்தது? ஆரின் பொய் சொல்பவன்தானா? பல நாள் அந்தச் சந்தேகத்தோடேயே அவன் சட்டைகளை மடித்து வைத்தாள்.

போன ஆகஸ்டில், கண்காட்சி ஊர்வலத்தில் ட்வைட் தன் டன்மோரைப் பிடித்துக்கொண்டு அவளைக் கடந்து போனான். வயிற்றில் வரிகள் இருந்தன. ஆனால் தகட்டின் மேல் எழுத்தே தெரியாதபடி சிவப்புப் பெயின்ட் அப்பியிருந்தது. தகட்டில் ஒரு சொட்டுப் பெயின்ட் பட்டாலே சின்னப் பையன்களைக்கூட அழவைத்த மனுஷன்! வெல்டா பாதையோரம் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

ஆனால் அடுத்தவர் வண்டியில் கை வைப்பது எங்களிடையே அடுத்தவர் மனைவி மேல் கை வைப்பது போல. ஒரே ஒரு வழிதான் இருந்தது. எல்லாப் பாகமும் அசலான வண்டிகளுக்கென்று இருந்த 'கலப்பில்லாத வரிசை'யில் வண்டி நிறுத்தியவர், அதே வரிசையில் நிற்கும் வேறெந்த வண்டியையும் சோதிக்கச் சொல்லலாம். இந்த வருஷம் ட்வைட் நடுவர் வேலையை விட்டுவிட்டுத் தன் வண்டியை அதில் நிறுத்தினான். வெல்டாவும் ஆரினின் வண்டியை அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தோக்கறதுக்குன்னே வந்திருக்கியா?" என்றான் ட்வைட்.

"ஆமா." அவள் சங்கத் தலைவர் மார்லினைக் கூப்பிட்டாள். "அவன் தகட்டு நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க."

"பெயின்ட் இருக்கே, வெல்டா."

"உரிக்கிறதுக்கு மருந்து கொண்டுவந்திருக்கேன்."

"என் வண்டியத் தொட்டா கையை ஒடிப்பேன்!"

"சட்டம் நீங்க எழுதினதுதான் ட்வைட்," என்றார் மார்லின். குரலில் வருத்தமே இல்லை. ட்வைட்டிடம் அவமானப்படாதவர் அந்தக் கூட்டத்தில் குறைவு. எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

மருந்து பட்டதும் சிவப்பு சுருங்கிக் கிளம்பியது. மார்லின் துணியால் துடைத்துப் படித்தார். "சி எழுத்து. யுத்தத்துக்குப் பிந்தினது."

முந்தைய வண்டியில் பிந்தைய தகடு. ஆரினுடையதில் நேர்மாறாக. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ட்வைட் தொண்டையைச் செருமினான். "விக்கிறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் ஒண்ணா பெயின்ட் அடிச்சேன். தகட்டக் கழட்டி வச்சிருந்தேன். திரும்ப ஆணி அடிக்கிறப்ப மாறிடுச்சு. சின்ன வயசு."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கு அவனைச் சிரிச்சுட்டு வீட்டுக்குப் போனதும் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

அவன் அவள் வண்டியைப் பார்த்தான். "சரி விடு. என்னுது முந்தினதுன்னு நீயே காமிச்சுட்டே. அந்த ஏ தகடு எனக்குச் சேர வேண்டியது. என்ன வேணும் உனக்கு?"

"மைக்குல சொல்லு. சொன்னா தரேன்."

பன்றிக்கறி தயார் என்ற அறிவிப்பு முடிந்ததும் அவன் மேடையேறி மைக்கை வாங்கினான். "ஆரின் கிரைடர் வண்டி விஷயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு..."

"தப்பு தானா நடக்காது," என்று கீழிருந்து கத்தினாள் வெல்டா. "யாரு செஞ்சது?"

மைதானம் முழுக்க அவன் மூச்சு கேட்டது. "நான் செஞ்சேன். ஆரின் செய்யல. தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். போதுமாடி?"

'போதுமாடி'யும் ஒலிபெருக்கியில் போய், கொட்டகைகளில் பட்டுத் திரும்பி வந்தது.

"போதாது," என்றாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். தன் வண்டித் தகட்டின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினாள். பித்தளை ஆணிகள் இரண்டும் தெறித்தன. ட்வைட் இறங்கி வந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தகட்டைப் பக்கத்துப் புல்லில் போட்டாள்.

மூட்டுவலிக்காரன் ட்வைட் மெல்ல முழங்காலிட்டுத் துழாவினான். உதவ ஒருவரும் குனியவில்லை.

"அவனோட சி தகட்ட எடுத்துக்க வெல்டா, அது உன்னுது," என்றார் மார்லின்.

"அவன் கை பட்டது எனக்கு எதுக்கு?"

தகடில்லாத வண்டிக்கு விலை பாதிதான். அது அவளுக்குத் தெரியாதா? கைப்பிடியைத் தூக்கி வாசலை நோக்கித் தள்ளினாள். ஒருவன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்கப் பார்த்தான். ஆரினின் சாவில் அவனைத் 'தகடு' என்று பேசியவன்.

"கையை எடு," என்றாள்.