ஹோமோஃபோனிக் குழுவில் நான்

ஓசூரில் நான் காண்ட்ராக்டில் வேலை பார்த்த கம்பெனியில், ஆயுத பூஜைக்கு எங்களைக் குழுவாக 'ஹோமோஃபோனி' முறையில் பாடவைக்க எச்.ஆர். அதிகாரி முடிவுசெய்தார். ஹோமோஃபோனா என்று ஒருவர் கேட்டதற்கு அவர் விளக்கினார்:

"ஹோமோஃபோன்னா ஒரே மாதிரி ஒலிக்கிற சொல்லுப்பா. ஹோமோஃபோனி வேற. நான் மெட்டைப் பாடுவேன், உங்க கொரலெல்லாம் எனக்குக் கீழயே தொணைக்கு வரணும்."

"எப்பவும் அப்படித்தானே சார்," என்று முணுமுணுத்தார் பக்கத்தில் நின்ற கன்னடக்காரர்.

எட்டாவதோடு நின்ற எனக்கு இரண்டு சொல்லுமே பயமாயிருந்தது. அபசுரம் தட்டினால் வேலை நிரந்தரமாகாது என்று நடுங்கி, மேடையில் வாயை மட்டும் அசைத்தேன். மற்றவர்களும் அதே பயத்தில் அப்படியே செய்திருக்கிறார்கள். அதிகாரியின் குரல் மட்டும் தனியாகக் கரகரத்தது.

முதலாளி கைதட்டினார். அதிகாரி பூரித்துப்போய், "உன் கொரல்தாம்ப்பா பாட்டைத் தூக்கி நிறுத்துச்சு," என்று என் தோளைத் தட்டினார். அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. வருஷா வருஷம் பாடச் சொல்வார்களே என்ற கவலையும் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.