இரவல் துடிப்பு

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேம்புவுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பயமெல்லாம் தன் நெஞ்சின் மேல்தான். அப்பா நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். வேம்புவுக்கு இந்த ஆடியில் நாற்பத்தாறு. அதனால் அவர் எந்த டாக்டரிடமும் நெஞ்சைக் காட்டியதில்லை. காட்டாதவரைக்கும் அது நல்ல நெஞ்சு.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஒரு பட்டையைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. தபால்தலை அளவில், பிளாஸ்டிக் போன்ற மெல்லிய படலம். வியர்வை ஈரத்திலேயே இதயத்தின் மின்துடிப்பைப் பிடித்துப் பெருக்கிக் காட்டும்.

"மூணு நாள் கழட்டாதீங்கண்ணே," என்றாள் பொறியாளர் சுஜா, அதை வேம்புவின் நெஞ்சில் ஒட்டச்செய்து. "உங்க உடம்புக்கு ஏத்தாப்ல அது தன்னைத்தானே திருத்திக்கும். அப்புறம் துடிப்பு மாறினா சிவப்பு எரியும். மூணு தடவை எரிஞ்சா கிரேன் கிடையாது."

வேம்பு வியாசர்பாடி வீட்டுக்குப் போனதும் பட்டையை உரித்து மச்சினன் மதியின் நெஞ்சில் ஒட்டினார். மதி குத்துச்சண்டைப் பயிற்சியாளன். பேட்டையிலேயே உறுதியான நெஞ்சு.

"இன்னா மாமா, என் நெஞ்ச வாடகைக்கு எட்த்துக்கினியா?"

"மூணு நாள் கம்முனு கெட மச்சான். நல்ல நெஞ்ச பாத்து கத்துக்கட்டும்."

கற்றுக்கொண்டது. மதியின் இதயம் நிமிடத்துக்கு ஐம்பது தடவைதான் துடிக்கும்; வேம்புவுடையது எல்லோரையும்போல எழுபதுக்கு மேல். நான்காம் நாள் வேம்பு ஒட்டிக்கொண்டு கிரேனில் ஏறியதும் சிவப்பு எரிந்தது. மதியத்துக்குள் மூன்று தடவை. இறக்கிவிட்டார்கள்.

வாழ்நாளெல்லாம் தப்பித்துவந்த டாக்டரிடமே கொண்டுபோனார்கள். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "இந்த நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லையே," என்றார். ஆனால் சூப்பர்வைசர் எபினேசர் அசையவில்லை. "பட்டை ஒத்துக்கணும் வேம்பு."

கிரேன் வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் வேம்பு மதியைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பட்டையை மதிக்கு ஒட்டினார்கள். பச்சை.

"அப்போ சட்டப்படி கிரேன் ஓட்டத் தகுதி இவருக்குத்தான்," என்றார் எபினேசர். "ஏறுங்க சார்."

ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியிலிருந்து கீழே பார்க்கவே மாட்டாத மதி, கிரேனை அண்ணாந்து பார்த்தான். சிவப்பு எரிந்தது.

"அருமையா வேலை செய்யுது!" என்று சுஜா எழுதிக்கொண்டாள்.

வேம்புவுக்குப் புதுப் பட்டை கொடுத்து, மூன்று நாள் தரையிலேயே உட்காரவைத்தார்கள். அவர், தன் கிரேனை வேறொருவன் ஓட்டுவதைப் பார்த்தபடி, முதல் தடவையாகத் தன் சொந்த நெஞ்சோடு உட்கார்ந்திருந்தார்.